மூன்று வயதுக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்: வாங்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் கடையில் நின்றுகொண்டுதான் போன் செய்கிறார்கள். வாங்குவது இந்த வேலையில் ஆறாவது படி. முதல் ஐந்தைச் செய்துவிட்டுப் போனால் எடுக்க வேண்டியது இரண்டு மூன்று சாமான்தான் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இருக்காது.

இரண்டு படுக்கையறை ஃபிளாட், வேலைக்குப் போகும் பெற்றோர், கூடவே ஒரு பாட்டியோ தாத்தாவோ என்று சென்னையில் சாதாரணமாக இருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ப்ளே ஸ்கூலில் இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் பிழைப்பு. எந்த இடத்தில் பெற்றோர் சறுக்குகிறார்கள் என்று தினமும் பார்ப்பதால் அங்கங்கே குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு, இஞ்ச் டேப், சின்ன ஸ்க்ரூ டிரைவர், இரண்டு அட்டைப் பெட்டி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் காலியான ஷெல்ஃப் தட்டு அல்லது அகலமான கூடை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றும் வேண்டும், தடித்த அட்டையாகப் பார்த்து எடுங்கள். அது எதற்கென்று நான்காம் படியில் வரும். போனில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம், வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது. பிள்ளையின் சாமானில் பாதி அவர்கள் கையால் வருவது. “அம்மா, இன்னும் ஒரு மாசத்துக்கு எதுவும் வாங்கிட்டு வராதீங்க. என்ன வேணும்னு நான் லிஸ்ட் போட்டுத் தரேன், அதுல ஒண்ணு நீங்க வாங்கிக் கொடுங்க” என்று சொல்லுங்கள். பின்பாதி வாக்கியத்தை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொன்னால் மனஸ்தாபம்தான் வரும். சொல்லவே இல்லையென்றால், நீங்கள் வெள்ளிக்கிழமை ஒழித்து வைத்த ஹால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி நிரம்பியிருக்கும்.

2. ஒரு வாரம் சும்மா பார்த்து எழுதுங்கள்

பெட்டியில் ‘3+’ என்று போட்டிருப்பது பாதுகாப்புக்கான எல்லை. உங்கள் பிள்ளைக்கு அது பிடிக்குமா, கைக்கு வருமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதனால் ஒரு வாரம் எதுவும் புதிதாகக் கொடுக்காமல், தானாக எதன் பக்கம் போகிறது என்று மட்டும் குறியுங்கள்.

‘பாத்திர மூடிகளைத் திறந்து திறந்து மூடுகிறாள்’, ‘எது கிடைத்தாலும் வீசுகிறான்’, ‘செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்குகிறாள்’, ‘தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறான்’ என்கிற மாதிரி எழுதினால் போதும். வீசுகிற பிள்ளைக்கு வீசத் தகுந்த சாமான் வேண்டும் என்று அர்த்தம். துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து நாலும் ஒரு காலி வாளியும் கொடுத்தால் ரிமோட் தப்பிக்கும்.

எங்கே மாட்டிக்கொண்டு அழுகிறது என்பதையும் எழுதுங்கள். மூன்று வயதை ஒட்டி, பெரிய மணிகளைக் கயிற்றில் கோப்பது, நாம் வரைந்து காட்டினால் ஒரு வட்டம் போடுவது, மற்ற பிள்ளைகள் விளையாடும்போது கூடப் போய்ச் சேர்ந்துகொள்வது எல்லாம் வரும். பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடுவது, சில பட்டன்களைக் கழற்றுவது நான்கு வயது வாக்கில். இந்த இடைவெளியில் இருக்கும் பிள்ளைக்கு ‘முயன்றால் வரும்’ அளவில் ஒன்று கொடுத்தால் உட்கார்ந்து செய்யும். அதற்கு மேலே போனால் தூக்கி எறிந்துவிடும்.

இங்கே பலர் செய்வது, நோட்டில் ‘ஏபிசிடி முழுக்கச் சொல்கிறாள், இருபது வரை எண்ணுகிறாள்’ என்று எழுதி வருவது. சந்தோஷம், ஆனால் அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

பார்க்கும்போது ஒன்று தெரிய வரலாம். பேர் கேட்டால் சொல்வதில்லை, இரண்டு வார்த்தை மாறி மாறிப் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்ற பிள்ளைகள் இருப்பதையே கவனிப்பதில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ‘பையன்னா லேட்டாத்தான் பேசுவான்’ என்று தள்ளிப்போட வேண்டாம். ஈசிஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்திலும் சிறு வயதிலேயே பரிசோதித்துப் பயிற்சி தரும் பிரிவு உண்டு. பொம்மை வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது.

3. இருப்பதையெல்லாம் கொட்டிப் பிரியுங்கள்

குழந்தை தூங்கிய பிறகு செய்யுங்கள். முன்னால் உட்கார வைத்துக்கொண்டு செய்தால், ஆறு மாதமாகத் தொடாத ஒற்றைச் சக்கர லாரியும் அன்றைக்கு உயிராகிவிடும்.

இப்போது விளையாடுவது ஒரு குவியல், இப்போதைக்கு வேண்டாதது இன்னொன்று, உடைந்தது மூன்றாவது. இரண்டாவது குவியல் அட்டைப் பெட்டிக்குள் போய் லாஃப்டில் ஏறட்டும். வெளியே எட்டுப் பத்துக்கு மேல் வேண்டாம். ப்ளாக்ஸ் செட் முழுவதையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் ஒரு தடவை நான்கு சாமானும், இன்னொரு தடவை பதினாறும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். மூன்று வயதுக்கு அந்த நான்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். பதினாறு என்பது நம் வீட்டுக் கணக்குக்கு ஒன்றுமே இல்லை என்பதையும் யோசியுங்கள். ஒரு பிறந்தநாள் முடிந்தால் அதைவிட அதிகம் வந்து குவிகிறது.

கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை எவ்வளவு அழுக்காக, காது பிய்ந்து இருந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். துவைத்துக் காயப் போட்டுத் திரும்பக் கொடுங்கள்.

4. ஆபத்தானதைக் கழியுங்கள்

கடைக்குப் போகும் முன்பே இது ஏன் என்றால், எதைத் தவிர்க்க வேண்டும் என்று கை பழகிவிட்டால் கடையில் கண் தானாக அதைப் பிடிக்கும்.

கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். 5.7 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, நீளத்தில் 10 செ.மீ. குறித்து, ஒட்டுவதற்கு இன்னொரு 1 செ.மீ. விட்டு, வளைத்து ஒட்டுங்கள். கிடைக்கும் குழாய் ஏறத்தாழ 3.2 செ.மீ. குறுக்களவு, பொம்மைகளின் சிறு பாகங்களைச் சோதிக்கும் தர அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். அழுத்தாமல் முழுசாக இதற்குள் இறங்கும் எதுவும் தொண்டையிலும் இறங்கும். உருண்டையானவற்றுக்கு இன்னொரு வளையம், 14 செ.மீ. சுற்றளவில். அதற்குள் நுழையும் பந்து வேண்டாம். கோலிக் குண்டு நுழையும் என்பது எல்லோருக்கும் தெரியும். டேபிள் டென்னிஸ் பந்தும் நுழையும். டென்னிஸ் பந்து நுழையாது.

விதிப்படி இந்தச் சோதனை மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சாமானுக்குத்தான். ஆனால் மூன்றாவது கேக் வெட்டிய மறுநாளே வாயில் போடுவதை நிறுத்திய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அடுத்தது பட்டன் பேட்டரி. பேட்டரி மூடி ஸ்க்ரூவால் மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். நகத்தால் திறக்க முடிந்தால் அது வீட்டிலேயே இருக்கக் கூடாது. இந்தப் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் அங்கே இருக்கும் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். பொம்மையில் மட்டும் தேடினால் போதாது. கொலுவுக்கும் கார்த்திகைக்கும் வாங்கும் எல்இடி அகல் விளக்கு, கார் சாவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எடை பார்க்கும் மெஷின் எல்லாவற்றிலும் இருக்கிறது. விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். காலையில் வெளியே வந்துவிடும் என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கும் வழக்கம் இதற்கு ஆகாது.

சின்னக் காந்த உருண்டைகளை இரண்டு விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளை இழுத்து ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகள் காய்ந்திருக்கும்போது மிளகு அளவுதான். வயிற்றுக்குள் போய் அங்கே பெருக்கும். இரண்டையும் யோசிக்காமல் கழித்துவிடுங்கள். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், அந்த ரப்பர் மூச்சுக்குழாயில் ஒட்டினால் எடுப்பது கஷ்டம். இழுத்துக்கொண்டு போகும் பொம்மையின் கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளமாக இருந்தால் வெட்டுங்கள், கழுத்தில் சுற்றாது.

நம் வீடுகளுக்கே உரியது ஒன்று. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாரின் கண் குண்டுமணி. சிவப்பும் கருப்புமாகப் பளபளவென்று இருப்பதால் பிள்ளைகள் நோண்டி எடுக்கும். மென்று விழுங்கினால் கடும் விஷம். பிள்ளையாரைக் கரைக்கும்போது இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டையும் சோழியும் இன்னும் இரண்டு வருடம் போகட்டும், வாய்க்குப் போகாவிட்டால் மூக்குக்குப் போகும். மூக்கில் மாட்டினால் ஊக்கு, கொண்டை ஊசி எதையும் விடாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால் சீக்கிரம் எடுத்துவிடுவார்.

5. எது இல்லை என்று பாருங்கள்

மிச்சமிருக்கும் சாமானையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு, நடிப்பதற்கு, விரலுக்கு, உடம்புக்கு, கதைக்கு என்று ஐந்து வகையில் எது காலி என்று தேடுங்கள். பெரும்பாலான வீடுகளில் காரும் பொம்மையும் வழியும். கட்டுவதற்கு எதுவும் இருக்காது.

கட்டுவதற்கு மரக்கட்டைதான் என் முதல் சிபாரிசு. சதுரம், செவ்வகம், முக்கோணம், வளைவு கலந்து முப்பது நாற்பது துண்டு. பெயிண்ட் அடிக்காததாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வயதில் அடுக்கி உடைக்கும், மூன்றரையில் பாலம் கட்டும், ஐந்தில் மெட்ரோ ஸ்டேஷன் கட்டும். ஒரே சாமான் இவ்வளவு காலம் ஓடுவது அபூர்வம். ஒன்றில் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் ப்ளாக்ஸ் என்றால் பெரிய அளவு வாங்குங்கள். லெகோவின் சின்னத் துண்டுகள் அட்டைக் குழாய்க்குள் இறங்கிவிடும்.

நடிப்பதற்குச் செப்புச் சாமான். மரத்தில் வரும் அடுப்பு, குடம், அம்மி, ஆட்டுக்கல் செட்டில் சின்னக் கரண்டிகளை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். டாக்டர் செட் வாங்குவதானால் ஊசி போட பயப்படும் பிள்ளைக்கு முதலில் வாங்குங்கள். பழைய மரப்பாச்சி கிடைத்தால் விடாதீர்கள், பெயிண்ட் இல்லாத மரம், உடையாது. பரணில் இருக்கும் பெயிண்ட் அடித்த பழங்கால பொம்மைகள் ஷோகேஸோடு இருக்கட்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

விரலுக்குத் தடித்த க்ரேயான், நான்கிலிருந்து எட்டுத் துண்டு பஸில், பெரிய மணி. உடம்புக்கு ஒரு பந்து போதும். சைக்கிள் வாங்கினால் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பார்த்து, ஹெல்மெட்டோடு சேர்த்து வாங்குங்கள். கதைக்குப் படப்புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட், நம் ஊர் தூலிகா போன்ற பதிப்பகங்கள் பெரிய படமும் குறைந்த வரியுமாகப் போடுகின்றன. வாங்கும் முன் ஒருமுறை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிப் போனால் எந்த மாதிரிப் புத்தகத்தில் கண் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பேசும் லேப்டாப், பட்டனை அழுத்தினால் ரைம்ஸ் பாடும் மேஜை, ரிமோட் கார் மூன்றையும் நான் லிஸ்டில் எழுத விடுவதில்லை. பாடுவதும் ஓடுவதும் அதுவே செய்துவிட்டால் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ரிமோட் காரை அப்பாக்கள்தான் ஓட்டுகிறார்கள்.

6. இப்போது கடைக்கு, குழந்தை இல்லாமல்

கூட்டிப் போனால் தேர்ந்தெடுப்பது பெட்டியின் கலரும் அழுகையின் சத்தமும்தான். தனியாகப் போங்கள். லிஸ்டில் இல்லாததைத் தொடாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஐஎஸ்ஐ முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு இது கட்டாயம். முத்திரைக்கு மேலே சாதாரணப் பொம்மை என்றால் ஐஎஸ் 9873 என்றும், மின்சாரம் அல்லது பேட்டரியில் ஓடுவது என்றால் ஐஎஸ் 15644 என்றும் இருக்கும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதும் வரும். பெட்டியில் இருக்கும் பெயரும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். ‘சிஇ’ என்ற ஐரோப்பியக் குறி மட்டும் போட்டிருப்பதைக் காட்டி அதுதான் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பாரிமுனை மொத்த விலைக் கடைகளில் விலை குறைவு. ஆனால் பல சாமான் பெட்டி இல்லாமல் கவரில் வரும், முத்திரை இருக்காது. அங்கே பந்து, வாளி, கரண்டி, துணி பொம்மைக்கான துணி என்று எளிய சாமான் வாங்கலாம். பேட்டரிச் சாமானை அங்கே வாங்காதீர்கள்.

மயிலாப்பூர் மாடவீதியில் செப்பும் மரச் சாமானும் கிடைக்கும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும், சன்னபட்னா, ஏடிகொப்பாகா மாதிரி புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளைப் பதிவு பெற்றவர்கள் செய்து விற்பதற்கும் ஐஎஸ்ஐயிலிருந்து விலக்கு உண்டு, அதனால் முத்திரையைத் தேடிப் பயனில்லை. விரலால் விளிம்பைத் தடவுங்கள், சிலாம்பு இருந்தால் வேண்டாம். ஈரக் கைக்குட்டையால் நன்றாகத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டவில்லை என்பதால் ஈயமே இல்லை என்று ஆகாது, அதனால்தான் சாயம் போடாத மரத்தை முதலில் சொன்னேன். நவராத்திரிக்கு அதே வீதியில் குவியும் கொலு பொம்மை படியில் வைக்கத்தான், விளையாடக் கொடுக்க வேண்டாம். தஞ்சாவூர் தலையாட்டியும் அப்படியே.

சத்தம் போடும் எதையும் கடையிலேயே உங்கள் காதோரம் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் பிள்ளையின் காதுக்கும் அது அதிகம். பிள்ளை கையில் வைத்துக் கேட்கும் தூரம் உங்களுடையதைவிடக் குறைவு.

7. வாங்காமலே நடக்கும் விளையாட்டுகள்

இதை ஏழாவதாக வைத்ததற்குக் காரணம், சாமான் குறைந்த வீட்டில்தான் இது ஓடும். எதிரே பாட்டுப் பாடும் மேஜை மினுக்கிக்கொண்டிருக்கும்போது அரிசியை அளக்க எந்தப் பிள்ளை வரும்?

தண்ணீரில் தொடங்குங்கள். பாத்ரூம் அல்லது பால்கனியில் அகலமான பேசினில் கால்வாசித் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி, ஒரு புனல், ஒரு ஸ்பான்ஜ். நானறிந்த ஒரு பெண் குழந்தை புனலின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு மேலே ஊற்றினாள். நிரம்பியதும் விரலை எடுத்தாள். தண்ணீர் இறங்கியது. மறுபடி அடைத்தாள். அடுத்து உள்ளங்கையால் அடைத்துப் பார்த்தாள், ஓரத்தில் கசிந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு பழையபடி விரலுக்கே வந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரை மணி நேரம் ஓடியது. இந்த வயதில் ஒரே வேலையில் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தாலே பெரிது.

ஒரு பெரியவர் கை நீட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு இஞ்ச் தண்ணீரிலும் பிள்ளை மூழ்கும். முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள், தேங்கினால் டெங்கு கொசுதான்.

அடுத்தது மாவு. இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாக முக்கால் கப் தண்ணீர். மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ கலருக்கு. மஞ்சள் போட்டால் தரையில் செய்தித்தாள் விரியுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் உப்பு நீர் விட்டுக் கொழகொழவென்று ஆகும், மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் வரும். மாவைத் தின்னும் பழக்கம் இன்னும் போகாத பிள்ளைக்கு இவ்வளவு உப்பு கூடாது, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை போதும்.

பருப்பு, ரவை, அரிசியை அகலமான தட்டில் கொட்டிக் கரண்டியால் மாற்றுவது, ஸ்டீல் டப்பாக்களுக்குச் சரியான மூடி தேடுவது, சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, கொத்தமல்லி ஆய்வது எல்லாம் வேலையும் விளையாட்டும் ஒன்றாக நடக்கும். கொத்துக்கடலை, முழு வேர்க்கடலை வேண்டாம். நான்கு வயது வரை தின்னவும் முழுக் கடலை கொடுக்காதீர்கள்.

பாட்டி கோலம் போடும்போது கூட உட்காரும் பிள்ளைக்குக் கோலப்பொடி கொடுக்காதீர்கள், பலதும் கல்மாவு, மூச்சில் போகும். சாக்பீஸைத் தண்ணீரில் தோய்த்துக் கொடுங்கள். தூசி பறக்காது, கோடும் பளிச்சென்று விழும்.

8. உடம்புக்கான நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளில் 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடுவது. ஃபிளாட்டில் இது தானாக நடக்காது. காலை ஏழு மணிக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்தால்தான் முடியும்.

லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா, இல்லையென்றால் தெருமுனை மாநகராட்சிப் பூங்கா எதுவும் சரி. கத்திரி வெயிலில் சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மாலை நான்கு மணிக்குக்கூட உலோகம் சுடும். பெசன்ட் நகர் கடற்கரையில் அலைக்கு நல்ல தூரம் தள்ளி உட்கார்ந்து, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மணல் வீடு கட்டுங்கள். நம் கடலின் இழுப்பு கணுக்கால் ஆழத்திலேயே சின்னப் பிள்ளையைச் சாய்த்துவிடும். நாய்கள் படுக்கும் மணல் என்பதால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவ வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீட்டுக்குள் ஒரு ஏற்பாடு வேண்டும். தரையில் டேப் ஒட்டி அதன் மேல் நடப்பது, தலையணை மலை ஏறுவது, நாற்காலியை வரிசை போட்டு 29சி பஸ் ஓட்டுவது. கண்ணாமூச்சி ஆடினால் தினமும் அதே கதவுக்குப் பின்னால்தான் ஒளியும். கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கொலகொலயா முந்திரிக்காவுக்கு இன்னும் வயது வரவில்லை. வட்டத்தில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்க இந்த வயதால் முடியாது.

9. புதுச் சாமானை எப்படிக் கொடுப்பது

ஒரு நேரத்தில் ஒன்று. பெட்டியைப் பிரித்து, கம்பி, பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கூடையில் சும்மா வையுங்கள். செய்து காட்ட வேண்டாம். கட்டையைக் காதில் வைத்து ‘ஹலோ’ என்றால் அன்றைக்கு அது போன்.

கூட உட்காருபவர் செய்யும் பெரிய தவறு, பரீட்சை வைப்பது. பிள்ளை செப்பு டம்ளரை நீட்டுகிறது. “இது என்ன கலர் சொல்லு? சிவப்புக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்று கேட்டால் விளையாட்டு அங்கேயே படுத்துவிடும். இதையே ஒரு பாட்டி எப்படிச் செய்தார் பாருங்கள்.

“பாட்டி, காபி.”

“குடுடா கண்ணா. ஐயோ, சுடுது.”

“ஊதிக் குடி.”

“ஊதிட்டேன். சர்க்கரை போட்டியா?”

பையன் யோசித்தான். எழுந்து போய் ஒரு கட்டையை எடுத்து வந்து டம்ளர் மேலே உதறினான். “தாத்தாக்கு போடல. தாத்தாக்கு சுகர்.”

அடுத்து அவனே தாத்தாவுக்கு ஊசி போட்டான். பாட்டி கேட்டது ஒரே கேள்வி, அதுவும் விளையாட்டுக்குள்ளிருந்தே. ஓட்டம் பிடித்ததும் நீங்கள் மெல்ல நகர்ந்து பக்கத்திலேயே கீரை ஆயலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வரும் நாளில், ஒன்றே ஒன்று இருக்கும் பிடித்த சாமானை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஒரே மாதிரி இரண்டு இருப்பவற்றை வெளியே விடுங்கள், இரண்டு பந்து, இரண்டு வாளி. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்ப்பதே இந்த வயதில் சேர்ந்து விளையாடுவதன் பெரும்பகுதி. ‘ஷேர் பண்ணு’ என்று பிடுங்கிக் கொடுத்தால் அடுத்த தடவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

10. போனும் டிவியும்

அதே உலக சுகாதார நிறுவனக் கணக்கில் திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் நல்லது. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். ‘எஜுகேஷனல் ஆப்’ என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். பெரியவர்கள் போனை வைத்துவிட்டு உட்காரும் அரை மணி நேரம் கிடைக்காத வீட்டில் எந்தச் சாமானும் ஓடாது, அதைச் சொல்லாமல் நகர முடியவில்லை.

11. மாற்றி வைப்பதும் பராமரிப்பதும்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே இருப்பதில் பாதியை உள்ளே போட்டு, லாஃப்டிலிருந்து பாதியை இறக்குங்கள். காணாமல் போய்த் திரும்பி வந்த சாமான் புதுசாகத்தான் தெரியும். ப்ளாக்ஸையும் செப்பையும் மட்டும் மாற்ற வேண்டாம். கட்டியது நாளைக்கும் இருக்கும் என்று தெரிந்தால்தான் பெரிதாகக் கட்டத் தோன்றும்.

மழைக்காலத்தில் மரச் சாமான் பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட உலர்த்துங்கள், தண்ணீரில் ஊற வைத்தால் மரம் உப்பிவிடும். அழுத்தினால் பீச்சும் குளியல் பொம்மைகளின் உள்ளே கருப்பாகச் சேரும். ஓட்டை இருப்பதை வாங்காமல் இருப்பதே சுலபம். துணி பொம்மையின் தையலையும் கண்ணையும் இழுத்துப் பாருங்கள், காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டும் பிளாஸ்டிக் ஓடுகளில் விரிசல் விட்டதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் காந்தம் வெளியே வரும்.

ரிட்டர்ன் கிஃப்ட் பைகளைப் பிள்ளை கையில் கொடுக்கும் முன் நீங்கள் பிரியுங்கள். விசில், பென்சிலின் மேல் சொருகிய ரப்பர், மோதிரம், ஒளிரும் மணி என்று அட்டைக் குழாய்க்குள் இறங்குவதுதான் அதில் பாதி இருக்கும்.

தீர்ந்த பட்டன் பேட்டரியிலும் உள்ளே மின்சாரம் மிச்சம் இருக்கும். கழற்றியவுடன் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, உயரத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.